ரீஜண்ட் வைரம்: மதராஸ் கோட்டையில் கைமாறிய கல்லுக்குச் சாபம் உண்டா?

#1 நெல்லைக் கிறுக்கன்

சாமிகளே, ஒரு சந்தேகம். 2025 அக்டோபர் 19-ம் தேதி பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நகைத் திருட்டு நடந்ததே, அந்தச் செய்திகளை இன்னும் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்பல்லோ கூடத்துக்குள் புகுந்து சில நிமிடங்களில் எட்டு அரச நகைகளை அள்ளிக்கொண்டு போனவர்கள், அதே கூடத்தில் இருந்த ரீஜண்ட் வைரத்தைத் தொடவே இல்லை. 140 காரட் கல்! உடனே யூடியூபில் ஒருவர் கிளம்பிவிட்டார், "சாபம் பிடித்த கல், அதான் திருடனே கை வைக்கவில்லை" என்று.

அவர் சொன்ன கதை இதுதான். கோல்கொண்டா பக்கம் கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்தில் ஓர் அடிமைக்கு இந்தக் கல் கிடைத்தது. கெண்டைக்காலைத் தானே கீறி, காயத்துக்குள் கல்லை வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு ஓடி வந்தான். கப்பலில் ஏற்றிக்கொண்டால் விற்கிற பணத்தில் பாதி தருகிறேன் என்று ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவனிடம் சொன்னான். அந்த ஆள் கல்லைப் பிடுங்கிக்கொண்டு இவனைக் கடலில் தள்ளிவிட்டான். அப்புறம் ஜாம்சந்த் என்ற வைர வியாபாரியிடம் 1,000 பவுண்டுக்கு விற்று, அதைக் கூத்தடித்தே அழித்து, கடைசியில் தூக்கு மாட்டிக்கொண்டான். ஜாம்சந்த் அதை மதராஸ் கவர்னர் தாமஸ் பிட்டுக்கு விற்றார். அன்று தொட்டு வைத்திருந்தவன் எவனும் உருப்படவில்லையாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் எவ்வளவு நிஜம்? மதராஸ் என்றால் நம்ம தலைமைச் செயலகம் இருக்கிற அதே கோட்டையா?

#2 சும்மா வந்தவன்

திருடன் சாபத்தையா பார்ப்பான், கேமராவைத்தான் பார்ப்பான். ஓடுகிற அவசரத்தில் யூஜெனி மகாராணியின் கிரீடத்தையே வெளியே தவறவிட்டுப் போனவர்கள் இவர்கள். சின்னச் சின்னக் கல் பதித்த நகை என்றால் பிரித்து விற்கலாம். 140 காரட் ஒற்றைக் கல்லைத் தூக்கிக்கொண்டு எந்தச் சேட்டுக் கடை வாசலில் போய் நிற்பது?

#3 பவளக்காரத் தெரு

அதே கோட்டைதான் தம்பி. அடிமை கதை இருக்கட்டும். கல்லை வாங்கியவரே அதை எப்படி வாங்கினேன் என்று வரி வரியாக எழுதிவைத்திருக்கிறார். அது அந்த யூடியூப் கதையைவிட சுவாரசியம். பொறுமையாகப் படியுங்கள்.

தாமஸ் பிட் 1698 ஜூலையில் கவர்னராக மதராஸ் வந்தார். அதற்கு முன்னால் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறித் தனி வியாபாரம் செய்தவர். கம்பெனி அவரை விரட்டிப் பார்த்தது, வழக்குப் போட்டுப் பார்த்தது, முடியவில்லை. கடைசியில் "நீயே வந்து நடத்து" என்று கவர்னர் பதவியைக் கொடுத்துவிட்டது. வியாபாரம் ரத்தத்தில் ஊறிய ஆள். உள்நாட்டில் பெரிய கற்கள் விற்பனைக்கு இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, கொண்டுவரச் சொல்லி ஆள் மூலம் சொல்லியனுப்புகிறார்.

1701 டிசம்பர் வாக்கில் ஜாம்சந்த் வருகிறார். கையில் 305 மஞ்சாடி எடையுள்ள பட்டை தீட்டாத கல். (பிட் "மாங்கெலின்" என்று எழுதுகிறார். நம் மஞ்சாடி, தெலுங்கில் மஞ்சாளி. வைரம் நிறுக்கிற பழைய எடை.) கூடவே சில சின்னக் கற்கள். சின்னக் கற்களை பிட்டும் மற்றவர்களும் வாங்கிவிடுகிறார்கள். பெரிய கல்லுக்கு ஜாம்சந்த் சொன்ன விலை 2,00,000 பகோடா. பிட் கேட்டது 30,000. அதுவும் வாங்கும் எண்ணமே இல்லாமல் கேட்டது என்கிறார். ஜாம்சந்த் கல்லை அவரிடமே சில நாள் விட்டுவிட்டுப் போவார், அப்புறம் வந்து எடுத்துக்கொண்டு போவார், மறுபடி கொண்டுவந்து வைப்பார். புடவைக்கடைக்காரர் "வீட்டில் வைத்துப் பாருங்கம்மா" என்று விட்டுப் போகிற மாதிரி.

1702 பிப்ரவரியில் மறுபடி வருகிறார்கள். ஜாம்சந்த் எப்போது பேச வந்தாலும் கூடவே ஒருவர் வருவார். பிட் அவர் பெயரை "வின்கட்டி சிட்டீ" என்று எழுதுகிறார். வெங்கடச் செட்டியாக இருக்க வேண்டும். ஜாம்சந்த் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இருக்கிறார். விலை 1,00,000-க்கு இறங்குகிறது. அப்புறம் இன்னும் கொஞ்சம்.

பிப்ரவரிக் கடைசியோ மார்ச் தொடக்கமோ, கோட்டையில் கவுன்சில் கூடும் அறையில் கடைசிப் பேச்சு. பிட் அவரை 55,000-க்கு இழுத்துவிட்டார். தான் 45,000 வரை ஏறினார். அதற்கு மேல் இவரும் ஏறவில்லை, அவரும் இறங்கவில்லை. கல்லைத் திருப்பிக் கொடுத்து, மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு பிரிந்துவிட்டார்கள். பிட் உள்ளறைக்குப் போய், அங்கே எழுதிக்கொண்டிருந்த பென்யன் என்ற அதிகாரியிடம் "விட்டது தொல்லை" என்கிற மாதிரி சொல்கிறார்.

ஒரு மணி நேரம் ஆகிறது. வேலையாள் வந்து, ஜாம்சந்தும் செட்டியும் வாசலில் நிற்கிறார்கள் என்கிறான். உள்ளே வந்து கல்லைப் புகழோ புகழென்று புகழ்கிறார்கள். "வேறு யாரையும்விட நீங்கள் வாங்குவதுதான் எங்களுக்குத் திருப்தி" என்று 50,000 கேட்கிறார்கள். நடுவில் நிற்பது 5,000. ஆளுக்குப் பாதி என்கிறார் பிட். ஜாம்சந்த் ஒத்துக்கொள்ளாமல் எழுந்து வெளியே நடக்கிறார். கதவு வரை போனவர் திரும்பி, "49,000". பிட் அசையவில்லை. "சரி, 48,000. இதற்குக் கீழே ஒரு பகோடா குறைத்தாலும் தரமாட்டேன்" என்று சத்தியம் செய்கிறார். பிட் மறுபடி உள்ளறைக்குப் போய் பென்யனிடம் சொல்கிறார்: 47,500 பெறுமென்றால் 48,000-மும் பெறும். முடிந்தது பேரம்.

ஆங்கிலேயர் "பகோடா" என்று சொன்ன காசு நம் வராகன்தான். ஒன்றுக்கு எட்டரை ஷில்லிங் கணக்குப் போட்டால் 48,000 வராகன் 20,400 பவுண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பேரம் நடந்த அதே 1702 தொடக்க மாதங்களில்தான் நவாப் தாவூத் கான் படையோடு வந்து மதராஸை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே முற்றுகை, உள்ளே கவர்னர் வைரத்துக்கு விலை பேசுகிறார்.

#4 சும்மா வந்தவன்

48,000 பகோடா என்றதும் எனக்கு டீக்கடைதான் ஞாபகம் வந்தது. மன்னிக்கவும். ஆனால் அந்தக் கதவு வரை போய்த் திரும்புகிற இடம் இருக்கிறதே, அதை பர்மா பஜாரில் நானே செய்திருக்கிறேன். என்னை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை என்பதுதான் வித்தியாசம்.

#5 நெல்லைக் கிறுக்கன்

அண்ணாச்சி, அருமை! ஒன்று மட்டும் புரியவில்லை. வியாபாரத்தில் புலியான பிட் ஏன் அத்தனை தயங்கினார்? கல்லைக் கையில் வைத்துப் பார்த்தவர்தானே?

#6 திருச்சிப் பட்டறை

இதற்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகத் திருச்சியில் செயற்கைக் கல் பட்டை தீட்டியது. வைரம் தீட்டியதில்லை என்றாலும் சாணை முன்னால் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பட்டை தீட்டாத வைரம் கிட்டத்தட்டப் படிகாரக் கட்டி மாதிரி இருக்கும். மேல்தோல் மங்கலாக, உரசின கண்ணாடி போல. உள்ளே புகை இருக்கிறதா, கீற்று ஓடுகிறதா, நீரோட்டம் எப்படி என்பதெல்லாம் வெட்டிப் பார்த்தால்தான் நிச்சயம். பிட்டும் இதையேதான் பயந்திருக்கிறார். 48,000 வராகன் கொடுத்து வாங்கி, லண்டனில் சாணை பிடித்த முதல் வாரமே உள்ளே ஒரு கரும்புள்ளி தெரிந்தால்?

வைரத்தை வைரப்பொடியால்தான் தேய்க்க முடியும். பொடியை எண்ணெயில் குழைத்துச் சுழலும் இரும்புத் தட்டில் பூச வேண்டும். அந்தக் காலத்தில் அறுப்பதென்றால் மெல்லிய கம்பியில் அதே பொடியைத் தடவி மாதக்கணக்கில் இழுக்க வேண்டும். இந்தக் கல்லை லண்டனில் தீட்டி முடிக்க இரண்டு ஆண்டு ஆனது, 1704-லிருந்து 1706 வரை. செலவு 5,000 பவுண்டு. 410 காரட்டாக இருந்தது 140 சொச்சமாக வந்து நின்றது. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. போனது என்றால் வீணாகவில்லை. அறுத்தெடுத்த துண்டுகளே நல்ல விலைக்கு விற்றன.

நம் பக்கத்துப் பழைய வழக்கம் வேறு. எடை குறையக் கூடாது என்று கல்லின் இயற்கை வடிவத்தை ஒட்டியே பட்டை போடுவார்கள். ஐரோப்பியர் எடை போனாலும் பரவாயில்லை, உள்ளே போன வெளிச்சம் முழுதும் திரும்பி வர வேண்டும் என்று வெட்டினார்கள். கோஹினூரையும் 1852-ல் லண்டனில் அப்படித்தான் 186 காரட்டிலிருந்து 105.6-க்குக் கொண்டுவந்தார்கள்.

அப்புறம் அந்தக் கால் காயம். 410 காரட் என்றால் 80 கிராமுக்கு மேல். வைரம் தண்ணீரைவிட மூன்றரை மடங்கு கனம். அப்படிப் பார்த்தால் அளவில் ஒரு நல்ல பெரிய நெல்லிக்காய், தூக்கிப் பார்த்தால் மூன்று நெல்லிக்காய் எடை. இதைக் கெண்டைக்கால் சதைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு அத்தனை தூரம் நடந்து கடற்கரை சேர்வதா? கட்டுக்குள் ஒளித்திருக்கலாம். சதைக்குள் என்பது எனக்கு ஒப்பவில்லை.

#7 கிருஷ்ணா கரை

நான் விஜயவாடாவில் இருபது வருடமாக இருக்கிறேன். ஹைதராபாத் சாலையில் போகும்போதெல்லாம் பரிட்டாலாவைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த வைரம் அங்கே கிடைத்தது என்று ஒரு பேச்சு, ஆற்றின் தென்கரையில் இருந்த கொல்லூர் என்று இன்னொரு பேச்சு. கொல்லூரை இப்போது பார்க்க முடியாது. புலிச்சிந்தலா அணை நீரில் மூழ்கிவிட்டது. உலகத்தையே ஆட்டிவைத்த சுரங்கத்தின் மேல் இன்று தண்ணீர் நிற்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் தவர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். கொல்லூரில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக 60,000 பேர் வேலை செய்தார்களாம். சுரங்கம் என்றதும் குகை மாதிரி நினைக்க வேண்டாம். பத்திலிருந்து பதினான்கு அடி ஆழத்துக்குத் தோண்டிய குழிகள்தான். ஆண்கள் வெட்ட, பெண்களும் பிள்ளைகளும் மண்ணைச் சுமந்துபோய்ச் சுவர் கட்டிய களத்தில் கொட்டுவார்கள். தண்ணீர் விட்டுக் கரைத்து, வடித்து, காயவைத்து, முறத்தில் நெல் புடைப்பதுபோல் புடைப்பார்கள். மிஞ்சிய கட்டியைத் தட்டி உடைத்துக் கையால் துழாவுவார்கள்.

ராவல்கொண்டா என்ற இன்னொரு சுரங்கத்தில் கூலி ஆண்டுக்கு மூன்று வராகன் என்கிறார். கைதேர்ந்த ஆளுக்கே அவ்வளவுதான். அதனால் கல்லை விழுங்குவார்களாம். ஒருவன் கண் ஓரத்தில் ஒளித்துவைத்துப் பிடிபட்டான் என்றும் எழுதுகிறார். பெரிய கல்லைக் கண்டெடுத்துக் கொடுத்தால் தலைப்பாகைத் துணியும் கொஞ்சம் பணமும் பரிசு.

ஆண்டுக்கு மூன்று வராகன் என்றால் 48,000 வராகனுக்கு எத்தனை ஆண்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: 16,000.

அதனால் கல்லை உடம்பில் ஒளித்து ஓடுவது என்பது யாரோ லண்டனில் உட்கார்ந்து கற்பனை செய்த விஷயம் இல்லை. இந்தக் கல் அப்படி வந்தது என்பதற்கு அத்தாட்சி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ளுங்கள். பவளக்காரத் தெரு சார் காட்டிய கடிதத்தை எழுதியது வாங்கியவர். தன் கையால், தன்னைப் பற்றி. ஜாம்சந்துக்குக் கல் எங்கிருந்து வந்தது என்று அதில் ஒரு சொல் இல்லை. கேட்கவுமில்லை போலிருக்கிறது.

#8 பவளக்காரத் தெரு

அம்மா சொல்வது நியாயம். அந்தக் கடிதம் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பிட் 1709-ல் பதவி போய் மதராஸைவிட்டுக் கிளம்பினார். வழியில் நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் தங்கவேண்டி வந்தது. அங்கே இருந்தபோது, 1710 ஜூலையில், வைரத்தை மிரட்டிப் பறித்தார் என்று ஊரெல்லாம் பேசுவது கேட்டுக் கொதித்துப்போய் எழுதிய வாக்குமூலம் அது. நான் செத்தபின் என் பிள்ளைகளுக்கு இழுக்கு வரக்கூடாது, கடவுள் சாட்சி என்றெல்லாம் எழுதுகிறார். அதாவது பேரம் நடந்து எட்டு ஆண்டுக்குப் பிறகு. ஆனாலும் 49,000, 48,000, கதவு, உள்ளறை, பென்யன் என்று அத்தனையும் நினைவிருக்கிறது. பொய் சொல்கிறவன் இவ்வளவு அசடு வழிகிற விவரம் சேர்ப்பானா என்பது என் எண்ணம். கவர்னர் மிரட்டியிருந்தால் 48,000 வரை ஏன் ஏறினார்?

ஆனால் வதந்தி அவரை விடவில்லை. 1726-ல் அவர் இறந்தபோது அடக்கப் பிரசங்கத்திலேயே பாதிரியார் வைர விஷயத்தில் அவருக்காக வாதாடவேண்டி வந்தது. கவிஞர் அலெக்சாண்டர் போப் ஒரு கவிதையில், தூங்குகிற இந்தியனிடம் வைரம் திருடிய கதையை வைத்து அவரைக் குத்தினார். கடைசியில் 1743-ல் அந்த வாக்குமூலத்தைப் பத்திரிகையிலேயே அச்சிட்டார்கள்.

சென்னைக்காரர்களுக்காக ஒரு கொசுறு: நுங்கம்பாக்கம், திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊரையும் 1708-ல் நவாபிடமிருந்து கம்பெனிக்கு வாங்கியது இதே பிட்தான். நான் இந்தப் பெயர் வைத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. லண்டனிலிருந்து யூத வியாபாரிகள் பவளம் அனுப்ப, பதிலுக்கு இங்கிருந்து வைரம் போகும். 1688-ல் மதராஸ் நகரசபை ஏற்பட்டபோது அதன் ஆல்டர்மன்களில் (நகரசபையின் மூத்த உறுப்பினர்களில்) மூன்று யூதர்கள் இருந்தார்கள். ஜார்ஜ் டவுனில் அந்தத் தெருவில் இன்று யூதரும் இல்லை, பவளமும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

#9 சும்மா வந்தவன்

சார், 20,400 பவுண்டு அவரிடம் எப்படி இருந்தது என்று யாருமே கேட்கமாட்டீர்களா? கம்பெனி சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு. கல்லில் சந்தேகம் இல்லாவிட்டாலும் காசில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

#10 பவளக்காரத் தெரு

தனி வியாபாரம். எல்லாரும் செய்தார்கள். கம்பெனிக்கும் தெரியும். இந்தத் தலைப்பைத் திறந்தால் இழை நூறு பக்கம் போகும், வேறு நாள் பார்ப்போம்.

#11 லாசப்பல் தமிழன்

வணக்கம். நான் பாரிசில் முப்பது வருசமாக இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். இந்த வைரத்தை இரண்டு தரம் நேரில் பார்த்திருக்கிறேன். சனம் எல்லாம் மோனாலிசாவைத் தேடி ஓடும், அப்பல்லோ கூடத்தில் இருந்த இந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஆறுதலாக நிற்க முடிந்தது. நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னது. ஆனால் தலையைக் கொஞ்சம் அசைத்தால் கல்லுக்குள் ஒரு நெருப்பு இடம் மாறும். பக்கத்திலேயே சான்சி என்ற கல்லும், இளஞ்சிவப்பாக ஓர்தான்ஸ் என்ற கல்லும் இருந்தன. என்ர மகள் அந்தச் சிவப்புக் கல்தான் வடிவு என்று சொன்னாள்.

இனி மிச்சக் கதை. 1702 அக்டோபரில் பிட்டின் மூத்த மகன் ராபர்ட் கல்லைக் கப்பலில் லண்டனுக்குக் கொண்டுபோனார். கல் தீட்டி முடிந்தபோது ஐரோப்பா முழுக்க ஸ்பானிய வாரிசுரிமைப் போர். ராசாக்கள் பீரங்கி வாங்குவார்களா, வைரம் வாங்குவார்களா? பத்து வருசத்துக்கு மேல் விற்க முடியவில்லை. கல் கையில் இருக்கிற பயத்தில் பிட் ஒரே கூரையின் கீழ் இரண்டு இரவு தூங்கமாட்டார் என்று சனம் கதைத்தது.

1717-ல்தான் விற்றது. பதினைந்தாம் லூயி அப்போது சின்னப் பிள்ளை. அவருக்காக ஆட்சி நடத்திய ஓர்லெயான் கோமகன் பிலிப் வாங்கினார். அவர் பதவிப் பெயர்தான் ரீஜண்ட், அதுவே கல்லுக்கும் பெயராகிவிட்டது. விலை 1,35,000 பவுண்டு. இடையில் நின்று பேசியது ஜோன் லோ என்ற ஸ்கொட்லாந்துக்காரர். பின்னாளில் காகிதப் பணத்தை அச்சடித்து பிரான்சைக் கவிழ்த்த அதே ஆள். கசானாவில் காசில்லாமல் ரீஜண்ட் தயங்கினாராம். சான்-சிமோன் கோமகன் தான்தான் பேசிச் சம்மதிக்க வைத்ததாகத் தன் நினைவுக் குறிப்பில் பெருமையாக எழுதுகிறார்.

அதே சான்-சிமோன் கல் வந்த கதையையும் எழுதியிருக்கிறார். அவர் சொல்கிறபடி மொகலாயரின் சுரங்கத்தில் வேலை செய்தவன் கல்லை ஒளித்தது காலில் அல்ல. எங்கே என்று பொதுவில் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உட்காருகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிளம்ஸ் பழத்தின் அளவுக் கல் என்றும் அவரே எழுதுகிறார்!

#12 சும்மா வந்தவன்

திருச்சிப் பட்டறை அண்ணே, நெல்லிக்காய்க் கணக்கை இன்னொரு தரம் போடவும்.

#13 திருச்சிப் பட்டறை

போடமாட்டேன்.

#14 நெல்லைக் கிறுக்கன்

சிரித்து முடியவில்லை. ஒளித்த இடமே ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றால் கதையின் லட்சணம் தெரிந்துவிட்டது. ஆனால் சாபம்? பதினாறாம் லூயி, மரி அந்துவானெத் இரண்டு பேர் தலையும் போனது. நெப்போலியன் தீவில் செத்தார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#15 லாசப்பல் தமிழன்

தம்பி, பதினைந்தாம் லூயி 1722-ல் றெய்ம்ஸ் நகரில் முடி சூடியபோது கிரீடத்தின் முன்புறத்தில் இருந்தது இந்தக் கல். அவர் 1774 வரை ராசாவாக இருந்து கட்டிலில் செத்தார். சாபம் ஐம்பது வருசம் நித்திரை கொண்டதா?

மரி அந்துவானெத் இதைக் கறுப்பு வெல்வெட் தொப்பியில் குத்திக்கொள்வாவாம். 1792 செப்டம்பரில், புரட்சி நடக்கும்போது, அரச நகைகளை வைத்திருந்த களஞ்சியத்துக்குள் கள்ளர் ஜன்னல் வழியாக இறங்கினார்கள். ஒரு நாள் இல்லை, தொடர்ந்து சில இரவுகள். ரீஜண்டும் அப்போது போனது. அதனால் "திருடனே கை வைக்கமாட்டான்" என்று சொன்ன யூடியூப்காரருக்கு இதைச் சொல்லிவிடுங்கள். ஏறக்குறைய ஒரு வருசம் கழித்து பாரிசிலேயே ஒரு வீட்டுப் பரணில், மர உத்திரத்தின் பொந்துக்குள் கிடைத்தது.

பிறகு புரட்சி அரசு படைக்குச் சாமான் வாங்கக் காசில்லாமல் இதை அடகு வைத்தது. ஒரு நாட்டின் மானம் அடகுக் கடையில்! மீட்டது நெப்போலியன், 1801-ல். தன் வாளின் பிடியில் பதித்துக்கொண்டார். அவரை எதிர்த்து லண்டனில் இருந்து போர் நடத்திய பிரதமர் இளைய வில்லியம் பிட், கல்லை விற்ற தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரன். இது யாராவது கட்டிய கதையாக இருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

நெப்போலியன் விழுந்தபோது மனைவி மரி லூயிஸ் கல்லையும் எடுத்துக்கொண்டு போனா. அவவின் தகப்பன், ஒஸ்ரியப் பேரரசர், திருப்பி அனுப்பிவைத்தார். 1887-ல் குடியரசு அரசு அரச நகைகளை ஏலம் போட்டபோதும் இதை விற்கவில்லை. 1940-ல் ஜெர்மன்காரர் வர முன்னம் சாம்போர் மாளிகையில் கொண்டுபோய் ஒளித்தார்கள். அவ்வளவுதான் கதை.

#16 திருச்சிப் பட்டறை

சாபம் பற்றி என் பங்குக்கு. 1792-ல் அதே திருட்டில் போன இன்னொரு கல் நீல வைரம். தவர்னியே இந்தியாவிலிருந்து கொண்டுபோய்ப் பதினான்காம் லூயிக்கு விற்றது. அது திரும்பவே இல்லை. எவனோ வெட்டிச் சின்னதாக்கிவிட்டான். அதுதான் இன்று வாஷிங்டனில் இருக்கிற 45.52 காரட் ஹோப் வைரம். பாரிஸ் அருங்காட்சியகத்தில் பழைய கல்லின் ஈய அச்சு 2007-ல் அகப்பட்டபோது இரண்டும் பொருந்திப்போனது.

ஹோப் கல்லுக்கு ஒரு பெரிய சாபக் கதை இருக்கிறதல்லவா? அதை ஊதி ஊதிப் பெரிதாக்கியது கல்லை விற்ற பியர் கார்த்தியே. 1910 வாக்கில் அமெரிக்கக் கோடீஸ்வரி ஒருத்திக்கு விற்பதற்காக. அபசகுனப் பொருள் என்றால் அந்த அம்மாவுக்குக் கொள்ளைப் பிரியம் என்று தெரிந்து சொன்னார். தவர்னியேவை நாய்கள் கிழித்துப் போட்டன என்பதும் அந்தக் கதையில் வரும். மனிதர் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்து மாஸ்கோவில் இறந்தவர்.

நம் ஊரில் நீலக்கல் வாங்கினால் மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்து, கெட்ட கனவு வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்குக் கனவு வரவில்லை, மூட்டைப்பூச்சி வந்தது. அதற்கும் கல்லைத்தான் திருப்பிக் கொடுத்தார்.

#17 வெண்பூசணி

ரொம்ப நாளாக வாசகி, இப்போதுதான் எழுதுகிறேன். 305 மஞ்சாடி என்று படித்ததும் அலமாரியில் இருக்கிற பல்லாங்குழிப் பை ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் புளியங்கொட்டை இல்லை, மஞ்சாடிதான். சிவப்பாக, வழவழவென்று, நடுவில் மெல்லிய கோடு. கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசில் நூறு எண்ணிப் போட்டேன். 27 கிராம். அப்படியானால் 305-க்கு 82 கிராம் சொச்சம். பட்டறை அண்ணன் சொன்ன 410 காரட் கணக்கோடு ஒட்டி வருகிறதே! சமையலறை மேடையில் அந்த வைரமே இருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

#18 பவளக்காரத் தெரு

பலே! நான் இத்தனை வருடம் காகிதத்தில் தேடினேன், நீங்கள் பையை அவிழ்த்துக் காட்டிவிட்டீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நகைக்கும் பொன்னுக்கும் எடை சொல்வது இதே மஞ்சாடியில்தான். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. அந்தக் கணக்கில் ஜாம்சந்தின் கல் பதினைந்தே கால் கழஞ்சு.

#19 கிருஷ்ணா கரை

இங்கே கிருஷ்ணாவுக்குத் தெற்கே, ராயலசீமை பக்கம், முதல் மழை பெய்ததும் இன்றும் சனம் குடும்பத்தோடு வயலில் இறங்கித் தேடுகிறது. வஜ்ரகரூர் பக்கம் போனால் பார்க்கலாம். குனிந்தபடியே நடப்பார்கள். எப்போதாவது ஒருவருக்குக் கிடைக்கும், அது செய்தியில் வரும், மறு வாரம் கூட்டம் இரண்டு மடங்கு. கண்டெடுத்தவர் பெயர் வருகிறது, அதுவரைக்கும் முன்னேற்றம்.

#20 நெல்லைக் கிறுக்கன்

அண்ணாச்சி சொன்ன பேரத்தை நேற்று எங்க ஆச்சியிடம் அப்படியே சொன்னேன். பாளையங்கோட்டைச் சந்தையில் அறுபது வருடம் காய்கறி வாங்கியவள். வைரம், ராஜா, கில்லட்டின் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தவள், கவர்னர் 45,000-க்கு ஏறிய இடத்தில் கண்ணைத் திறந்தாள்.

"எல, வந்தவன் ஊருக்குப் போற அவசரத்துல இருந்தாம்லா? தெரிஞ்சும் முப்பதுலயா ஆரம்பிச்சான்? பத்துல நின்னுருக்கணும்ல."